எனக்குக் குடம் என்று பேர் வைத்தவள்

என் அண்ணியைப் பற்றி ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. சூப்பர்வைசரின் கழுத்தில் கத்தியை வைத்தாளாம், அவன் அழுதானாம், கம்பெனியே வந்து காலில் விழுந்ததாம். எவளோ கட்டிவிட்ட புளுகு. பக்கத்தில் நின்றவள் நான். என் இரண்டு விரல் போனதும் அவளால், என் வேலை பிழைத்ததும் அவளால். கம்பெனியை இழுத்து மூடி ஐந்து வருஷமாகிறது, இனி உண்மையைச் சொன்னால் யார் சோற்றிலும் மண் விழாது. குறுக்கே பேசாமல் கேளுங்கள், எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வாழ வந்தபோது எனக்குப் பதினேழு, அவளுக்கு இருபது. என் அண்ணன் லாரி டிரைவர். வாரத்துக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். இவளோ வாயை மூடினால் மூச்சு நின்றுவிடும் என்கிற ரகம். எப்படிக் குடித்தனம் நடக்கப்போகிறதோ என்று அம்மா கவலைப்பட்டாள். நன்றாகவே நடந்தது. ஒருத்தர் பேச ஒருத்தர் கேட்க, அதற்கு மேல் என்ன பொருத்தம் வேண்டும்.

ஒன்பது வயதிலிருந்து அவள் பழைய பேப்பர் கடையில் தரம் பிரிக்கிற வேலை செய்தவள். எடைக்கு வரும் புத்தகங்களின் அட்டையைக் கிழித்துத் தனியாகப் போட வேண்டும். அட்டையோடு முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் போய்விடும். மிச்சத்தைக் கடைக்காரர் சாப்பிடப் போகும் நேரத்தில் படிப்பாள். யார் எழுதியது, எப்படி முடிந்தது, எதுவும் தெரியாது. முடிவை அவளே வைத்துக்கொள்வாள். ஒருநாள் சீக்கிரம் திரும்பிவந்த கடைக்காரர் எடைக்கல்லை எடுத்து நெற்றியில் அடித்தார். எலும்பு தெரிகிற அளவுக்குப் பிளந்த காயம். அப்போது அவள் கையில் இருந்தது எஜமானனை எதிர்த்துக் கிளம்பிய ஓர் அடிமையின் கதை. "அடிச்சது கூட வலிக்கலடி. பாதியில நிறுத்திட்டானே பாவி, அதுக்குத்தான் அழுதேன்" என்பாள். அன்றிலிருந்து எதிர்த்து நின்றவர்கள் கதை மட்டும்தான் அவளுக்குக் கதை. சமர்த்தாக இருந்து நல்ல பெயர் வாங்கியவர்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே கொட்டாவி விடுவாள்.

கல்யாணமான இரண்டாம் வருஷம் கோழிக் கம்பெனியில் சேர்ந்தாள். என் புருஷன் எங்களை விட்டு ஓடிப்போன பிறகு என்னையும் கையைப் பிடித்து அழைத்துப்போய்ச் சேர்த்துவிட்டாள். அப்போது என் மகளுக்கு மூன்று வயது.

உரித்துக் கழுவிய கோழிகள் ஒரு பெல்ட்டில் வரிசையாக வரும். பெல்ட்டின் இரு பக்கமும் இரும்பு மேசை, மேசைக்கு ஐந்து பேர். இடது கையால் கோழியை இழுத்துப் பலகையில் போட வேண்டும். இரண்டு தொடை, இரண்டு இறக்கை, முதுகுக்கு ஒன்று, நெஞ்சுக்கு ஒன்று, மொத்தம் ஆறு வெட்டு. தள்ளிவிட்டு அடுத்த கோழி. கறி கெடக்கூடாது என்று அறையைக் குளிரவைத்திருப்பார்கள். விரல் நம்முடையதா கோழியுடையதா என்றே தெரியாமல் மரத்துப்போகும். தரையில் ரத்தத் தண்ணீர். வீட்டுக்குப் போய் மூன்று தடவை குளித்தாலும் மகள் மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

அந்த இடத்தில்தான் அண்ணி கதை சொன்னாள். வெட்டிக்கொண்டே சொல்வாள். அவள் கண் கத்தியில் இருக்காது, எங்கள் முகத்தில் இருக்கும். ஆனாலும் கத்தி விழ வேண்டிய இடத்தில்தான் விழும். பத்தொன்பது வருஷத்தில் ஒரு கீறல் கிடையாது.

எங்கள் மேசையில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக யார் சேர்ந்தாலும் ஒரு வாரம் கதை கேட்க வேண்டும். பிறகு தனக்குப் பிடித்த கலகக்காரரை ஒருத்தரைச் சொல்ல வேண்டும். அதுவே அவள் பெயர். வரம் கொடுக்க வந்த சாமியைப் பார்த்து, "மேல நின்னுக்கிட்டுக் குடுக்காதே, கீழ எறங்கி வந்து குடு" என்று சொன்ன ஓர் அசுரன் உண்டு. சாமி அவன் தலையைச் சீவியது. தலை மூன்று நாள் உருண்டுகொண்டே வாதாடியது. வாய் திறந்து பேசவே தெரியாத ஒரு விதவை அந்த அசுரனைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவளுக்குப் பெயர் தலை. கொடுங்கோல் ராஜாவின் மகுடம் அடிக்கடி நழுவுகிறது என்று கூப்பிட, ஊசியும் தோல்நூலுமாகப் போய் மகுடத்தை மண்டைத் தோலோடு சேர்த்துத் தைத்துவிட்டு வந்த தையற்காரி ஒருத்தி. நான்கு பிள்ளை பெற்ற குண்டம்மா அவளை எடுத்துக்கொண்டாள், ஆனால் குண்டம்மா என்ற பெயர்தான் நிலைத்தது.

நான் தண்ணீர்க்காரியை எடுத்தேன். ஊர்க் கிணற்றைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட தளபதி, தாகம் என்று அவள் குடத்தில் வாய் வைத்துக் குனிகிறான். அவள் அவன் பிடரியைப் பிடித்து உள்ளே அழுத்துகிறாள். கால் உதறுகிறது. குடம் உடையவில்லை. கால் நின்ற பிறகு சாவியை எடுத்துக்கொண்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குடத்தைக் கழுவுகிறாள். குடத்தைக் கழுவினாள் என்ற இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அப்படித்தான் நான் குடம் ஆனேன்.

"உங்களுக்கு யாரு அண்ணி?" என்று கேட்டால், "பெத்தவகிட்ட எந்தப் புள்ள பிடிக்கும்னு கேக்கலாமாடி?" என்று தப்பித்துவிடுவாள்.

இன்னொரு வழக்கமும் உண்டு, வினையெல்லாம் அதில்தான். கதையில் அடி விழும் இடம் வந்ததும் அண்ணி பேச்சை நிறுத்துவாள். நாங்கள் எல்லாரும் கத்தியை ஓங்கியபடி காத்திருப்போம். "எறக்கினா" என்பாள். ஐந்து கத்தியும் ஒன்றாக இறங்கும். மேசை அதிரும். ஒரே வெட்டு என்று அதற்குப் பெயர். எதிர் மேசைக்காரிகளும் பழகிக்கொண்டார்கள். அந்த ஒரு நொடி எங்களுக்குக் கிடைத்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது. வீட்டில், வழியில், சூப்பர்வைசரிடம் வாங்கியதெல்லாம் அந்த ஒரு வெட்டில் இறங்கும்.

எங்கள் வயிற்றெரிச்சல் கம்பெனிக்கு நெய்யானது. சண்டைக் கதை நடக்கிற அன்று கோழி வேகமாகத் தீர்ந்தது. சூப்பர்வைசர் அதைக் கவனித்துவிட்டான். பெல்ட்டின் வேகத்தைக் கூட்டக் குறைக்கச் சுவரில் ஒரு குமிழ் இருந்தது, ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் போட்டது. எங்களுக்கு எப்போதும் மூன்று. அவன் சத்தமில்லாமல் நான்குக்குத் திருப்பினான். அதனால் அவனைக் குமிழன் என்போம். காலையில் வந்ததும், "அக்கா, இன்னைக்கு அடிதடி உண்டா?" என்று அண்ணியிடம் கேட்பான். அவளுக்குப் பெருமை பிடிபடாது. ரசிகன் கிடைத்துவிட்டான் என்று நினைத்தாள். ராஜாவின் மண்டையைத் தைத்த கதையைச் சொல்லிச் சொல்லியே கம்பெனிக்குக் கூடுதலாகக் கோழி வெட்டிக்கொடுத்தோம். எங்களைப் போல ஏமாந்த கலகக்காரிகள் உலகத்தில் உண்டா?

நான் சொன்னேன். "அண்ணி, கொஞ்ச நாள் சும்மா இருங்க. நீங்க சண்ட போடப் போட அவன் குமிழத் திருப்பறான்."

"நான் நிறுத்தினா மட்டும் கொறச்சிருவானா?" என்றாள். அவன் குறைத்திருக்க மாட்டான்தான். ஆனால் அவள் நிறுத்தாததற்குக் காரணம் அது இல்லை. அவளால் முடியாது, அவ்வளவுதான்.

ஐந்துக்குப் போன பிறகு கையுறை போட முடியவில்லை. இரும்பு வலையில் பின்னிய கையுறை அது. நனைந்த கோழி அதில் வழுக்கும். ஒரு கோழி வழுக்கினால் அடுத்த இரண்டு தரையில் விழும், விழுந்ததற்குக் குமிழன் எல்லார் முன்னாலும் அப்பன் ஆத்தாளை இழுத்துத் திட்டுவான். கழற்றிப் போட்டுவிட்டு வெட்டினோம்.

அன்று ஒரு கொல்லத்தியின் கதை. கைதிகளுக்குச் சங்கிலி அடித்துக்கொடுக்கிறவள். ஒருநாள் சங்கிலி போட அவள் மகனையே கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். சிறை அதிகாரி கேலி பேசிக்கொண்டே குனிந்து சங்கிலியின் கனம் பார்க்கிறான். அவன் தலை பட்டறைக் கல்லுக்கு மேலே இருக்கிறது. அண்ணி நிறுத்தினாள். கத்திகள் ஓங்கின. மூன்றாம் எண்ணில் அப்படி ஓங்கி நிற்க நேரம் இருந்தது. ஐந்தில் அடுத்த கோழி வந்துவிடும். என் இடது கை தானாகப் போய் அதை இழுத்துப் பலகையில் போட்டது.

"எறக்கினா."

இறக்கினேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கோழித் தொடைக்குப் பக்கத்தில் கிடந்தன. வலிக்கவில்லை. எவளுடையது இது என்று நினைத்தேன். பிறகு ரத்தம் பீய்ச்சியது. அண்ணி தன் தலைத்துணியை உருவி என் கையைச் சுற்றினாள். குண்டம்மா விரல்களைப் பொறுக்குவதற்குள் பெல்ட் இழுத்துக்கொண்டு போய்விட்டது. கோழிக் குவியலுக்குள் தேடி எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் ஒட்டமுடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

நான்காம் நாள் குமிழன் ஒரு தாளோடு வந்து அண்ணியைக் கூப்பிட்டான். அதில் எழுதியிருந்தது இதுதான்: வேலை நேரத்தில் கதை பேசியதால் கவனம் சிதறி விபத்து நடந்தது, கையுறையும் போடவில்லை, இயந்திரத்தில் குறையில்லை. அண்ணி சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் தப்பு என்னுடையது, எனக்கு வேலை இல்லை. போடாவிட்டால் தப்பு வேகத்துடையது, கம்பெனி எனக்கு வேறு வேலை தந்தாக வேண்டும். மகள் நர்சிங் முதல் வருஷம். இரண்டு விரல் இல்லாதவளுக்கு வெளியே யார் வேலை தருவார்கள்? என் வீட்டு அடுப்பே அந்தக் கையெழுத்தில்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் அண்ணி தாளை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். காலைத் தொங்கப்போட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போட மாட்டீங்கல்ல?" என்றேன்.

"இதுல இருக்கறது பொய்யா?"

எனக்குத் தலையில் அடித்த மாதிரி ஆனது. "என்ன அண்ணி பேசறீங்க?"

"நான் 'எறக்கினா'ன்னு சொன்னேன், நீ எறக்கின. என் வாய்தான் வெட்டிச்சு. ஒத்துக்கலைன்னா நான் என்ன மனுஷி?"

"நீங்க ஒத்துக்கிட்டா என் பொழப்பு போகும். உங்க யோக்கியத்துக்கு என் மகளோட படிப்பா கேக்குது? இத்தன வருஷம் ஊர்ல இருக்கற ராஜா தலையெல்லாம் உருட்டினீங்களே, ஒரு குமிழன எதிர்த்து நிக்க முடியாதா?"

மனசில் இருந்ததை எல்லாம் கொட்டினேன். வாயில் வராத வார்த்தை ஒன்றும் மிச்சமில்லை. அவள் தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். அவள் வாயை மூடிக்கொண்டு போனதை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். பயந்துவிட்டேன்.

அடுத்த வாரம் தொழிலாளர் அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா விசாரணைக்கு வந்தார். கையில் கட்டோடு என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். வெட்டும் அறையில் மேனேஜர், குமிழன், இரண்டு மேசைகளின் பெண்கள் எல்லாரும். மேனேஜர் அண்ணியைப் பார்த்து, "சொல்லும்மா, என்ன நடந்துச்சு?" என்றார், கையெழுத்து வந்துவிட்டது போல.

அண்ணி அந்த அம்மாவிடம்தான் பேசினாள். "அம்மா, கதையாலதான் விரல் போச்சுன்னு இவங்க சொல்றாங்க. சரி, இன்னைக்கு நான் வாயே தொறக்க மாட்டேன். அதே அஞ்சுல ஓடவிடச் சொல்லுங்க. அர மணி நேரம் வெட்டறேன். கதை இல்லாம வெட்டினா ஒண்ணும் ஆகாதுன்னா, இங்கேயே கையெழுத்துப் போடறேன்."

மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் கை எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும். "தாராளமா" என்றார்.

நான் அவளை எதிரியைப் பார்ப்பது போலப் பார்த்தேன். என்னைக் கவிழ்க்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. அவள் வெட்டினால் ஒன்றும் ஆகாது. அது எல்லாருக்கும் தெரியும்.

கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னார் அந்த அம்மா. போட்டுக்கொண்டாள். குமிழை ஐந்தில் வைத்தார்கள். நான்காவது கோழி வழுக்கியது, ஐந்தாவதும் ஆறாவதும் தரையில். பத்துக் கோழி விழுந்த பிறகு அந்த அம்மாவே, "இதப் போட்டுக்கிட்டு யாராலயும் முடியாதா?" என்று கேட்டார். குமிழன் தரையைப் பார்த்தான். அவர் எழுதிக்கொண்டார். அண்ணி கையுறையைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

பிறகு வெட்டினாள். அதைச் சொல்ல வேண்டும். ஆறு வெட்டு, தள்ளு, இழுப்பு, ஆறு வெட்டு. உதடு ஒட்டியே இருந்தது. அந்த அறையில் கத்திச் சத்தத்தை மட்டும் நாங்கள் கேட்டது அன்றுதான். ஐந்து நிமிஷம். எட்டு நிமிஷம். கறித் துணுக்கு தெறித்து அவள் கன்னத்தில் ஒட்டியது, துடைக்கவில்லை. கை தப்பவே இல்லை. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் முடிந்தேன் என்று நினைத்தேன்.

பன்னிரண்டாவது நிமிஷம் இருக்கும். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோழியைப் பிடிக்கும்போது விரலை மடக்கிப் பிடிக்க வேண்டும், அது முதல் நாள் பாடம். அவள் இரண்டு விரலை நீட்டி வைத்தாள். நான் எதிரே நின்றிருந்தேன், எனக்கு மட்டும் தெரிந்தது. ஓங்கினாள். கத்தி இறங்கியது.

ரத்தம் மேனேஜரின் சட்டையில் அடித்தது. அந்த அம்மாவின் காகிதம் கீழே விழுந்தது. அண்ணி கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு பலகையைப் பிடித்து நின்றாள். குமிழன் பெல்ட்டை நிறுத்தப் போகாமல், "வேணும்னே பண்றா, வேணும்னே பண்றா" என்று கத்தினான். சத்தியமாக அவன் சொன்னது உண்மை. ஆனால் அதை அவன் சொல்லியிருக்கக் கூடாது. வாய் பேசத் தெரியாத விதவை, எங்கள் தலை, பெல்ட்டிலிருந்து ஒரு கோழியை எடுத்து இரண்டு கையாலும் அவன் முகத்தில் அடித்தாள். இரண்டு கிலோ கோழி, குளிரில் விறைத்தது. பல் தெறித்தது. அவன் விழுந்தான். அண்ணியைத் தவிர ஒன்பது பேரும் பாய்ந்தோம். ஒரு கையால் முடிந்ததை நானும் அடித்தேன். கத்தியை ஒருத்தியும் எடுக்கவில்லை, கோழியாலேயே அடித்தோம். காவல்காரர்கள் வந்து பிரித்தபோது அவன் மூக்கு இருந்த இடத்தில் இல்லை. ஊரில் திரியும் கதைக்கு மூலம் இவ்வளவுதான்.

அந்த அம்மா, வேகமே காரணம் என்று எழுதினார். குமிழை மூன்றில் வைத்து முத்திரை போட்டார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் டப்பா அடுக்கும் வேலை தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. குமிழன் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போனான். அண்ணிக்கு வலது கையில் ஊசிக்குழாய், இடது கையில் என்னைப் போலவே கட்டு.

"புத்தி இருக்கா உங்களுக்கு? ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்றேன்.

"தானா ஆகும்னு நெனச்சேன்டி" என்றாள். "அந்த வேகத்துக்கு எவ கையும் தப்பும், என் கையும் தப்பும்னுதான் நின்னேன். பத்து நிமிஷம் பொறுத்துப் பாத்தேன். தப்பல. அதுக்கப்புறம் என்ன பண்றது? நீ எதிர்ல நிக்கற."

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. "அப்ப கதை இல்லாட்டி என் விரலும் போயிருக்காது."

"போயிருக்காதுன்னுதான் தோணுது."

"இத எங்கிட்ட ஏன் சொல்றீங்க? வேகம்தான்னு நானும் நம்பிட்டுப் போயிருப்பேன்ல?"

"ஊருக்கெல்லாம் ஒரு பொய் சொல்லியாச்சு. உனக்கும் சொல்லணுமா?"

நான் அவளை அடித்தேன். கன்னத்தில், நல்ல கையால், முழு பலத்தோடு. என் விரலுக்கா, அவள் விரலுக்கா, எதற்கு அடித்தேன் என்று இன்றுவரை தெரியாது. நர்ஸ் ஓடிவந்து என்னை இழுத்தாள். "விடுங்க, என் நாத்தனார்தான்" என்றாள் அண்ணி. நர்ஸ் போன பிறகு அவளுக்குத் தாகம் எடுத்தது. இரண்டு கையும் உதவாது. தம்ளரை நான்தான் பிடித்துக் குடிக்கவைத்தேன். பாதி கழுத்தில் வழிந்தது, என் முந்தானையால் துடைத்தேன்.

அடித்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் என் விரலுக்குக் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து இடது கையில் ஆறு விரல். அதை வைத்துக்கொண்டு ஒரே மேசையில் ஒன்பது வருஷம் டப்பா அடுக்கினோம். என் மகள் நர்ஸ் ஆகிவிட்டாள்.